பவரைக் கூட்டினால் படித்துவிடுமா?

48 பனியன்கள் போட்ட அட்டைப்பெட்டி கன்வேயரில் ஏறி, தகரக் கூண்டு மாதிரி இருக்கும் ஆர்எஃப்ஐடி டனலுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. ஒவ்வொரு பனியனிலும் இருக்கும் டேக்கை ரேடியோ அலையால் படித்து, உள்ளே எத்தனை பீஸ் என்று எண்ணுகிற கருவி அது. திரையில் 47. திருப்பி அனுப்பினால் மறுபடியும் 47. அடுத்த பெட்டியிலும் 48தான் இருக்க வேண்டும். திரை 51 என்கிறது. பேக்கிங் சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, “பவரைக் கொஞ்சம் கூட்டி விட்டீங்கன்னா படிச்சுருமுங்க சார்” என்றார். திருப்பூர்ப் பக்கம் இந்த வேலையாகப் போகிற இடங்களில் நான் முதலில் கேட்கிற வாக்கியம் அநேகமாக இதுதான். அந்த 51 எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

குறைவாகப் படிப்பதும் அதிகமாகப் படிப்பதும் எதிரெதிர் நோய்கள். பவரைக் கூட்டுவது முதல் நோய்க்குச் சில சமயம் மருந்து, இரண்டாவது நோய்க்கு எப்போதும் விஷம். இரண்டு நோயும் ஒரே டனலில் இருந்தால் என்ன செய்வது? அதற்கு அந்தச் சின்ன டேக்குக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பனியனில் தொங்கும் அட்டைக்குள் இருக்கிற டேக்கில் பேட்டரி கிடையாது. மெல்லிய அலுமினிய ஆன்டெனா, நடுவில் மணல் துகள் அளவுக்கு ஒரு சிப், அவ்வளவுதான். டேக்கைப் படிக்கும் கருவியான ரீடரின் ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையே அந்தச் சிப்புக்குச் சாப்பாடு. சுமார் 10 மைக்ரோவாட் கிடைத்தால் போதும், விழித்துக்கொள்ளும். புதிய சிப்புகளுக்கு அதைவிடக் குறைவே போதும். விழித்த பிறகும் அது சொந்தமாக எதையும் ஒலிபரப்புவதில்லை. பள்ளிக்கூடத்தில் கண்ணாடித் துண்டை வெயிலில் காட்டி எதிர்ச் சுவரில் வெளிச்சம் அடித்து விளையாடியிருப்போம். டேக் செய்வதும் அதுவே. வருகிற அலையைத் திருப்பி அடித்தும் அடிக்காமலும் விட்டு, தன் எண்ணைச் சொல்கிறது. 1948ல் ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர், பிரதிபலித்த ஆற்றலைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்று எழுதிய கட்டுரையின் கருத்து இது. கைக்கு எட்டும் அளவுக்கு மலிவாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இதிலிருந்தே பவர் பற்றிய ஒரு கணக்கு வந்துவிடுகிறது. தூரம் இரட்டிப்பானால் டேக்குக்குப் போய்ச்சேரும் ஆற்றல் கால்வாசியாகிறது. ஆக, பவரை இரண்டு மடங்கு கூட்டினால் தூரம் 1.4 மடங்குதான் கூடும். இந்தியாவில் இதற்கான அலைவரிசையை 2005ல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டபோதே வரம்பும் வைத்தார்கள்: 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை, ரீடரின் வெளியீடு அதிகபட்சம் 1 வாட். ரீடர் பவரைக் காட்டும் டிபிஎம் என்ற அலகில் அது 30. பெரும்பாலான இடங்களில் ரீடரைப் பொருத்தும் ஆள் முதல் நாளே அதை 30ல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அதற்கு மேல் கூட்ட இடமே இல்லை. அப்புறமும் பவரைக் கேட்டால் எங்கே போவது?

சரி, அந்த 47க்கு வருவோம். இரண்டு முறை அனுப்பியும் 47 என்றே வந்தது என்பதுதான் அதில் முக்கியமான தடயம். ரேடியோ சம்பந்தப்பட்ட கோளாறு ஆடும். ஒரு தடவை 47, அடுத்த தடவை 45, பெட்டியைத் திருப்பி வைத்தால் 48. ஆடாமல் பிடிவாதமாக ஒரே எண் வந்தால், அதிலும் ஒவ்வொரு முறையும் அதே 47 டேக்குகள் வந்தால், அலை மேல் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டு டேக்கையும் தகவலையும் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியை முதலில் கேட்காததால் கன்வேயர் ஓரத்தில் பாதி நாள் ஆன்டெனாவைத் திருகிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

பெட்டியைப் பிரித்து, கையடக்க ரீடரால் ஒவ்வொரு பீஸாகத் தனியே எடுத்துப் படித்தோம். 48 தடவை ‘பீப்’ அடித்தது. எல்லா டேக்கும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் பட்டியலில் வேறுபட்ட எண்கள் 47தான். இரண்டு பனியன்களில் ஒரே எண்! டேக் உள்ள ஸ்டிக்கரை அச்சடித்து எண்ணை எழுதும்போது ஒன்று மங்கலாக வந்திருக்கிறது, மறுபடி அடித்திருக்கிறார்கள், மங்கலானதைக் குப்பையில் போடாமல் அதையும் இன்னொரு பீஸில் மாட்டிவிட்டார்கள். மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. ஒரே எண்ணை இரண்டு தடவை கேட்டால் ஒன்று என்றுதான் அது எண்ணும். அப்படி எண்ணவில்லை என்றால் ஒரே டேக் டனலுக்குள் ஐம்பது தடவை படிக்கப்படும்போது ஐம்பது பனியன் ஆகிவிடும்.

இந்த மாதிரி இரட்டைகளைப் பிடிக்க ஒரு வழி உண்டு. நாம் எழுதுகிற எண் ஒரு பக்கம் இருக்க, சிப் தயாரிக்கும்போதே தொழிற்சாலையில் பதிந்து பூட்டிவிடும் இன்னொரு எண்ணும் டேக்கில் இருக்கிறது. டிஐடி என்பார்கள். அதையும் சேர்த்துப் படிக்கச் சொன்னால் ஒரே எண் எழுதிய இரண்டு டேக்குகளும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். எப்போதும் அப்படிப் படிக்க வைத்தால் வேகம் குறையும், அதனால் சந்தேகம் வந்த பெட்டிக்கு மட்டும் செய்வது நல்லது.

எண்கள் விஷயத்தில் எக்செல் செய்கிற அட்டூழியத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டேக்கின் எண் பெரும்பாலும் 96 பிட், பதினாறடிமான முறையில் எழுதினால் 24 இலக்கங்கள், பூஜ்யம் முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கலந்து வரும். தற்செயலாக ஒரு எண்ணில் எழுத்தே இல்லாமல் வெறும் இலக்கங்களாக அமைந்துவிட்டால், அல்லது நடுவில் ‘இ’ மட்டும் ஒன்று வந்துவிட்டால், எக்செல் அதைப் பெரிய எண் என்று நினைத்துச் சுருக்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் இருப்பது போய்விடும், திரும்ப வராது. எங்கோ சில டேக்குகளுக்கு மட்டும் இது நடப்பதால் யாருக்கும் புரியாது. டேக் படிக்கிறது, ஆனால் ‘இந்த எண் பட்டியலில் இல்லை’ என்கிறது கணினி. அந்த வரிசையை எழுத்து வடிவத்தில் வைத்துவிட்டுத் திறந்தால் தீர்ந்தது.

இனி ஆடுகிற எண்கள்.

இங்கே என் முதல் கருவி சட்டைப்பையில் இருக்கிறது. நன்றாகப் படிக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு டேக்கைத் தெர்மோகோல் துண்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். சாட்சி டேக் என்று நானே வைத்த பெயர். டனலை நிறுத்தி, பெட்டி எதுவும் இல்லாமல், ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் நேரே அதைக் காட்டுவேன். நான்கு ஆன்டெனாவும் படித்தால் ரீடர், கேபிள், ஆன்டெனா மூன்றும் நல்லபடி இருக்கின்றன. குற்றவாளி பெட்டிக்குள் இருக்கிறான். ஒன்று மட்டும் படிக்கவில்லை என்றால் அந்த ஆன்டெனாவின் கேபிளைக் கழற்றிப் பக்கத்து ஆன்டெனாவில் மாட்டிப் பார்ப்பேன். கோளாறு கேபிளோடு நகர்கிறதா, ஆன்டெனாவிலேயே நிற்கிறதா? கேபிளைக் கழற்றும்போது ரீடர் அலை அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது.

கேபிள்தான் நான் பார்த்தவரை அதிகம் ஏமாற்றுகிற உறுப்பு. மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 10 மீட்டர் இழுத்தால் இந்த அலைவரிசையில் ஏறக்குறைய 5 டெசிபல் வழியிலேயே கரைந்துவிடும். ஆன்டெனாவுக்குப் போய்ச்சேர்வது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தடித்த எல்எம்ஆர்-400 கேபிளில் அதே தூரத்துக்குச் சுமார் 1.3 டெசிபல்தான் போகும். விலை கூட, வளைப்பதும் கஷ்டம், அதனால் மெல்லியதை வாங்கிவிடுகிறார்கள். பிறகு கனெக்டர். ரீடர்களில் அதிகம் வருவது, நடு ஊசியும் அதன் துளையும் இடம் மாறிய ‘ரிவர்ஸ்’ டிஎன்சி. சாதாரண டிஎன்சி கனெக்டரும் அதே மரையில் கச்சிதமாகத் திருகிக்கொள்ளும், நடுப்பகுதி மட்டும் சரியாகச் சேராது. இறுக்கமாக மாட்டியிருப்பதாகத் தோன்றும், ஆன்டெனாவுக்கு ஒன்றும் போகாது. டேக்கை மிக அருகில் கொண்டுபோனால் கசிகிற அலையில் எப்போதாவது படித்துத் தொலைக்கும். அதுதான் இன்னும் குழப்பம். கன்வேயர் அதிர்வில் தளர்ந்த கனெக்டர், எலி கடித்த கேபிள் எல்லாம் இதே குடும்பம்.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். பல ரீடர்கள் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பழைய வகை நெட்வொர்க் சுவிட்ச் ஒரு போர்ட்டில் 15.4 வாட்தான் கொடுக்கும், அடுத்த தலைமுறை 30 வாட். பெரிய ரீடரைப் பழைய சுவிட்சில் மாட்டினால் விளக்கு எரியும், வலைப்பக்கம் திறக்கும், எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். முழு வெளியீடு மட்டும் வராது, அல்லது வேலை மும்முரத்தில் தானாக அணைந்து மறுபடி எழும்பும்.

அலைவரிசை இன்னொரு பொறி. அமெரிக்காவில் இந்த வேலைக்கு 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ். அங்கிருந்து வாங்கி வந்த ரீடரை அப்படியே இங்கே ஓட்டினால் நம்மூர் செல்பேசிகள் டவருக்குப் பேசுகிற 890-915 அலைவரிசையில் போய் இடிக்கும். சட்டப்படியும் தப்பு, படிப்பும் மோசமாக இருக்கும். ரீடரின் அமைப்பில் நாடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

பெட்டிக்குள்ளே இருக்கிற குற்றவாளிகள் சுவாரசியமானவர்கள். தண்ணீர் இந்த அலையை விழுங்கும், உலோகம் திருப்பி அடிக்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பனியன் பெட்டியில் தண்ணீர் எங்கே என்பார்கள். சரியாக உலராமல் மடித்த பருத்தியில் இருக்கிறது. உலோகம்? ஜிப்பில் இருக்கிறது, மார்பில் பளபளக்கும் ஃபாயில் பிரின்டில் இருக்கிறது, ஈரம் தாங்க உள்ளே அலுமினியம் பூசிய பையில் இருக்கிறது. ஒரு ஸ்டைல் மட்டும் எப்போதும் தகராறு செய்கிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் டனலை விட்டுவிட்டு அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

இதைவிட அதிகம் நடப்பது வேறு. எல்லா பீஸையும் ஒரே மாதிரி மடித்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது எல்லா அட்டைகளும் ஒரே இடத்தில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல் சீட்டுக்கட்டு மாதிரி அமர்ந்துவிடுகின்றன. சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஆன்டெனாக்கள் ஒன்றின் ஆற்றலை மற்றொன்று பிடுங்கிக்கொள்ளும், சுருதியும் மாறிவிடும். மெல்லிய டி-ஷர்ட்டில் இது வரும், தடித்த ஸ்வெட்டரில் வராது. இதற்குப் பவர் உதவாது. பாதி பீஸைத் தலைமாற்றி வையுங்கள், அவ்வளவுதான். செலவு இல்லாத மருந்து என்பதாலோ என்னவோ யாரும் நம்புவதில்லை.

டேக் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் உண்டு. நீளமான டேக்கின் முனை ஆன்டெனாவை நேராகக் குத்திக்கொண்டு நின்றால் அது அலையைப் பிடிக்காது. பக்கவாட்டில் இருந்தால் பிடிக்கும். வட்டமாகச் சுழலும் அலை அனுப்புகிற ஆன்டெனா வாங்கியிருக்கிறோம், எந்தத் திசையிலும் படிக்கும் என்று விற்றவர் சொல்லியிருப்பார். டேக் சுவரில் மாட்டிய படம் மாதிரி எதிரே நிற்கும்வரை அது உண்மை. முனையைக் காட்டினால் அந்த ஆன்டெனாவுக்கும் குருடுதான். அதனால்தான் டனலில் இரண்டு பக்கம், மேல், கீழ் என்று ஆன்டெனா வைக்கிறார்கள்.

இன்னொன்று. சில இடங்களில் பெட்டி படிக்கவில்லை என்றால் தொழிலாளி அதை ஒரு தட்டுத் தட்டி, ஒரு சாண் நகர்த்துவார். உடனே படிக்கும். மேனேஜர் சிரிப்பார். சிரிக்க ஒன்றுமில்லை. உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் சில புள்ளிகளில் ஒன்றையொன்று அழித்துவிடும். 866 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். ஏறக்குறைய 17 சென்டிமீட்டருக்கு ஒன்று என இந்த இருட்டுப் புள்ளிகள் வரலாம். டேக் அதற்குள் மாட்டிக்கொண்டால் எவ்வளவு பவர் கொடுத்தாலும் பயன் குறைவு. கொஞ்சம் நகர்த்தினால் வெளிச்சத்துக்கு வந்துவிடும். நிறுத்தி வைத்த பெட்டியைவிட ஓடுகிற பெட்டி நன்றாகப் படிப்பதற்கும் இதுவே காரணம்.

முதல் தடவை 48, உடனே திருப்பி அனுப்பினால் 30, இரண்டு நிமிடம் கழித்து அனுப்பினால் 48. இப்படி ஒரு கோளாறு உங்களுக்கு வந்திருக்கிறதா? இது பேய் இல்லை, செஷன் என்கிற அமைப்பு. ஒரே நேரத்தில் நூறு டேக் பேசினால் எதுவும் கேட்காது. ரேஷன் கடை டோக்கன் மாதிரி முறைவைத்துப் பேச வைக்கிறார்கள். ஒரு தடவை எண்ணைச் சொல்லி முடித்த டேக், ‘நான் சொல்லியாயிற்று’ என்று ஒரு கொடியை உயர்த்திவிட்டு மௌனமாகிவிடும். அந்தக் கொடி எவ்வளவு நேரம் உயர்ந்தே இருக்கும் என்பது செஷனைப் பொறுத்தது. செஷன் 0ல் அலை நின்றதும் இறங்கிவிடும். 1ல் அரை விநாடியிலிருந்து 5 விநாடி வரை. 2, 3 இரண்டிலும் அலை படுகிறவரை இறங்காது, நின்ற பிறகும் 2 விநாடிக்கு மேல் நிற்கும். எவ்வளவு மேல் என்று வரையறை இல்லை, சில சிப்புகளில் நிமிடக் கணக்கு. பக்கத்துப் பக்கத்து இரண்டு டனல்கள் ஒரே செஷனில் ஓடினால் ஒன்று படித்ததை மற்றது படிக்க முடியாமல் போகும். ஒவ்வொரு செஷனுக்கும் தனிக் கொடி என்பதால், ஆளுக்கொரு செஷன் ஒதுக்கினால் சண்டை தீரும். 48 பீஸ் பெட்டிக்கு 0 அல்லது 1 போதும். 2ம் 3ம் ஆயிரக்கணக்கில் டேக் குவிந்திருக்கும் இடத்துக்கு.

இப்போது அந்த 51. கூடுதலாக வந்த மூன்று எண்களைக் கையடக்க ரீடரில் தேடும் முறையில் போட்டு நடந்தோம். நெருங்க நெருங்க வேகமாகக் கூவும். டனலுக்கு வெளியே ஒன்றரை மீட்டரில் ஒரு மேசை, அதன் மேல் கழித்துப் போட்ட பீஸ்கள், அவற்றில் மூன்று. அலை வெளியே போகாமல் மறிக்க டனலின் வாயில் தொங்க வேண்டிய திரைச்சீலையைப் பெட்டி தட்டுகிறது என்று யாரோ கயிறு போட்டு மேலே கட்டியிருந்தார்கள். பவர் 30. வேறென்ன நடக்கும்? வருகிற சிக்னலின் பலத்தை வைத்து வெளி டேக்கை வடிகட்டலாமே என்று கேட்பார்கள். ஓரளவுக்கு. பெட்டியின் நடுவில் புதைந்த டேக்கைவிட வெளியே வசதியாகக் கிடக்கும் டேக் பலமாகக் கேட்கும் நாள் வரும். அன்றைக்கு வடிகட்டி நல்லதை எறிந்துவிட்டுக் கெட்டதை வைத்துக்கொள்ளும். மேசையை நகர்த்துவது, திரையை இறக்குவது, பெட்டி உள்ளே வந்ததைச் சென்சார் சொன்ன பிறகு மட்டும் படிக்கத் தொடங்குவது, பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி விடுவது, கடைசியாகப் பவரைக் குறைப்பது என்பதுதான் என் வரிசை.

இதே நோயை நீங்கள் சுங்கச்சாவடியில் பார்த்திருப்பீர்கள். ஃபாஸ்டேக்கும் இதே இனத்து டேக்தான். கண்ணாடியில் ஒட்டாமல் கையில் வைத்துக் காட்டுகிறவர்களின் டேக்கைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்போம் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்ததற்குப் பின்னால் பணப் பிரச்சினையோடு இந்த இயற்பியலும் இருக்கிறது. பையில் கிடக்கிற, உடம்பு மறைக்கிற டேக் படிக்காது. பின்னால் வரும் லாரியின் டேக் முந்திக்கொள்ளும். உலோகப் பூச்சுள்ள முன்கண்ணாடியிலும் இந்தத் தகராறு உண்டு. உங்கள் டேக்கில் பணம் இருந்தும் சாவடியின் கருவிக் கோளாறால் படிக்கவில்லை என்றால் கட்டணமில்லாமல் விட வேண்டும் என்று 2018 மே மாதமே விதி வந்துவிட்டது. வாக்குவாதத்துக்கு உதவும்.

ரேடியோவைத் தாண்டியும் சில இருக்கின்றன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரீடரின் கடிகாரம் உலக நேரத்திலும் சர்வர் இந்திய நேரத்திலும் ஓடினால் ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில், அனுப்புவதற்கு முன்பே சரக்கு போய்ச்சேர்ந்துவிட்டதாக அறிக்கை வரும். அப்புறம், பொதுவாக ஒரு ரீடரை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் கட்டுப்படுத்த முடியும். சோதித்துப் பார்த்த ஆள் தன் லேப்டாப்பில் அந்த இணைப்பைத் திறந்தபடியே டீ குடிக்கப் போய்விட்டால் பிரதான மென்பொருள் ‘ரீடர் கிடைக்கவில்லை’ என்று கத்தும். அந்த ஆள் நானாகவும் இருந்திருக்கிறேன்.

அன்றைக்கு மேசையை நகர்த்தி, திரையை இறக்கி, பவரை 30லிருந்து 24க்குக் கொண்டுவந்தேன். அதாவது 1 வாட்டிலிருந்து கால் வாட். இருபது பெட்டி ஓட்டினோம். இருபதிலும் 48. “கொறைச்சா எப்படிங்க சார் சரியாகும்?” என்று சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டே இருந்தார். 24 என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி ரீடர் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது தாள் அப்படியே இருந்தது. ரீடர் 30ல் இருந்தது.